தீவுக் குகைகளும் சுற்றுலாவும்: திறப்பதா, பூட்டுவதா என்னும் விவாதம்

கடல் சூழ்ந்த சிறு நிலப்பரப்பொன்றில் இயற்கையாக அமைந்த குகையைச் சுற்றுலாவுக்குத் திறந்துவிட்டால் அது காக்கப்படுமா, கெடுமா என்னும் கேள்வி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதல் பல தீவுகளில் எழுந்து, ஒவ்வொரு காலத்திலும் வெவ்வேறு விடைகளைப் பெற்றிருக்கிறது. பெருநிலத்துக் குகைகளைப் பற்றியும் இதே கேள்வி கேட்கப்படுவதுண்டு. எனினும் தீவில் அதன் கூர்மை மிகுதி. பயிரிடத் தக்க நிலமும் வேலைவாய்ப்பும் குறைவாக இருப்பதால், வருவாய் தரக்கூடிய எதையும் திறந்துவிட வேண்டும் என்ற நெருக்குதல் அங்கே வலுவாக இருக்கும். குடிநீர் பல தீவுகளில் குகையைக் குடைந்த அதே சுண்ணாம்புப் பாறையின் இடுக்குகளில் தேங்கி நிற்கும். குகை இருளில் வாழும் சிற்றுயிர்களுள் பல அந்த ஒரு தீவைத் தவிர வேறெங்கும் இரா.

இந்தியாவில் இக்கேள்வி மிகச் சிக்கலான வடிவில் நிற்பது அந்தமானின் பாராடாங் தீவில். அங்குள்ள சுண்ணாம்புக் குகைகளை மதிப்பிடுவதற்கு முன், பிற தீவுகளில் உருவான விடைகளை அவற்றின் தோற்றத்தோடும் குறைகளோடும் சேர்த்துப் பார்ப்பது பயன் தரும். அவை பாராடாங்குக்கு எந்த அளவு பொருந்துகின்றன என்பதைவிட, எந்த இடத்தில் பொருந்தாமல் போகின்றன என்பதே கூடுதலாகக் கவனிக்கத் தக்கது.

உடைமையாளர் தந்த விடை

காலத்தால் முந்திய விடை, திறப்பதே காப்பு என்பது. காவலற்ற குகையில் புகுவோர் தீப்பந்தப் புகையால் கூரையைக் கருக்குவர். கல்விழுதுகளை, அதாவது கூரையிலிருந்து சொட்டும் நீரிலுள்ள சுண்ணாம்பு படிந்து கீழ்நோக்கி வளரும் கூம்புகளை, நினைவுப் பொருளாக ஒடித்துச் செல்வர். பாறையில் பெயர் கீறுவர். நுழைவுக் கட்டணம் வாங்கும் ஒருவர் வாயிலில் அமர்ந்துவிட்டால், அந்த வருவாயைக் காப்பதற்காகவேனும் குகையைக் காப்பார் என்பது இவ்வாதத்தின் சாரம்.

ஸ்பெயினுக்கு உரிய மயோர்கா தீவின் டிராக் குகைகள் இதற்குச் சான்றாகக் காட்டப்படுவதுண்டு. 1896-இல் ஆஸ்திரிய இளவரசர் லுட்விக் சால்வடாரின் ஆதரவோடு அங்கு வந்த பிரெஞ்சு ஆய்வாளர் எதுவார் அல்ஃப்ரெட் மார்ட்டெல் உள்ளே ஒரு பெரும் ஏரியைக் கண்டு அறிவித்தார். அது இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. 1930-களில் ஒளியமைப்பு வல்லுநர் கார்லெஸ் புய்காஸ் மின்விளக்குகளை அமைத்தார். இருண்ட ஏரியில் படகு ஊர, அதிலிருந்து இசைக்கலைஞர்கள் வாசிக்கும் காட்சி அக்குகையின் அடையாளமாக நிலைத்துவிட்டது. தீவுச் சுற்றுலாவின் தொடக்கக் காலத்திலேயே ஒரு குகை அரங்கமாக மாற்றப்பட்ட நிகழ்வு இது.

அதே குகையில் 1904-இல் நடந்த வேறொன்று இவ்வாதத்தின் பலவீனத்தைக் காட்டுகிறது. ருமேனிய உயிரியலாளர் எமில் ரகோவிட்சா அங்குள்ள நீரில் கண்ணற்ற சிறிய ஓட்டுயிர் ஒன்றைக் கண்டார். அதைத் தொடர்ந்த சிந்தனையே 1907-இல் அவர் வெளியிட்ட நீண்ட கட்டுரைக்கும், குகை உயிரியல் என்ற தனித்துறைக்கும் வழிவகுத்தது. சுற்றுலாப் பயணி ஏரியின் மேல் ஒளியைப் பார்த்தார். அறிவியலுக்கு உரியது நீருக்குள் இருந்தது. கட்டணத்தால் காக்கப்படுவது கட்டணம் செலுத்துவோர் பார்க்க விரும்பும் பகுதி மட்டுமே என்பதும், படிக்கட்டுக்காகவும் நடைபாதைக்காகவும் தரையைச் சமன்செய்யும் உடைமையாளர் அங்கே எதை மூடுகிறோம் என்று பெரும்பாலும் அறிந்திருப்பதில்லை என்பதும் இவ்விடையின் தீராத குறைகள். மயோர்காவின் ஆர்த்தா குகையில் உள்ள கனிமப் படிவுகள் பல லட்சம் ஆண்டுகளுக்கு முந்திய கடல்மட்டத்தைக் கணிக்க உதவுகின்றன என்பது அண்மைக் காலத்தில்தான் தெரியவந்தது. அழகற்ற ஒரு படிவு வளையத்தை யாரும் சீட்டு வாங்கிப் பார்க்க வரமாட்டார்கள்.

வெப்பமும் மூச்சும்

இரண்டாம் விடை ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. பிரான்ஸின் லாஸ்கோ ஓவியக் குகை 1948-இல் மக்களுக்குத் திறக்கப்பட்டு, பார்வையாளர் மூச்சும் பாசியும் ஓவியங்களைக் கெடுத்ததால் 1963-இல் மூடப்பட்ட நிகழ்வு, திறப்பதே கேடு என்ற எண்ணத்துக்கு வலுவூட்டியது. அது தீவும் அன்று, ஓவியமற்ற இயற்கைக் குகையும் அன்று. ஆயினும் அங்கு கண்டறியப்பட்ட காரணங்கள் எங்கும் பொருந்துபவை.

அமைதியாக நிற்கும் மனித உடலே ஏறத்தாழ 100 வாட் விளக்கு ஒன்றின் அளவுக்கு வெப்பம் வெளியிடுகிறது. ஆண்டு முழுவதும் ஒரே வெப்பநிலையில் இருக்கும் மூடிய குகையில் இது சிறு தொகை அன்று. வெளிமூச்சிலுள்ள கரியமில வாயு பாறைமேல் படிந்த ஈரப்பசையில் கரைந்து அதை அமிலத்தன்மை உடையதாக்குகிறது. அளவு மிகும்போது, வளர வேண்டிய சுண்ணாம்புப் படிவு கரையத் தொடங்கும். மின்விளக்கின் ஒளி விழும் இடங்களில் பாசியும் பெரணியும் முளைக்கின்றன. விளக்கொளிப் பாசி எனத்தக்க இவற்றை அகற்றத் தெளிக்கும் வேதிப்பொருள் குகை உயிர்களுக்கே நஞ்சாகிறது. உடையிலிருந்து உதிரும் நூலிழையும் தலைமுடியும் தோல்துகளும் பாதையோரம் படிந்து, உணவே அரிதான அவ்விருளில் புதிய நுண்ணுயிர்க் கூட்டங்களை வளர்க்கின்றன.

நியூசிலாந்தின் வடதீவிலுள்ள வைட்டோமோ குகை இவ்வகை ஆய்வின் முதன்மைக் களம். 1887-இல் மாவோரித் தலைவர் தானே டினோராவும் ஆங்கில நில அளவையாளர் ஃபிரெட் மேஸும் மிதவையில் உள்ளே சென்று, கூரையெங்கும் ஒளிப்புழுக்கள் மின்னுவதைக் கண்டனர். ஒளிப்புழு என்பது ஒரு சிறு பூச்சியின் புழுப்பருவம். பிசுபிசுப்பான இழைகளைத் தொங்கவிட்டு, தன் ஒளியால் ஈர்க்கப்படும் பூச்சிகளைப் பிடித்துத் தின்பது. 1889 முதல் தானே டினோராவின் குடும்பத்தாரே பயணிகளை அழைத்துச் சென்றனர். 1906-இல் அரசு குகையைத் தன் கைக்குள் கொண்டுவந்தது. 1989-இல் நிலமும் குகையும் அவர் வழியினருக்கு மீண்டன. இடைப்பட்ட காலத்தில், 1970-களின் இறுதியில், புழுக்களின் ஒளி வெகுவாகக் குன்றியதால் குகை சில மாதங்கள் மூடப்பட்டது. பார்வையாளர் மூச்சு மட்டும் அதற்குக் காரணம் அன்று. மேல்வாயில் வழியே கட்டுப்பாடின்றி ஓடிய வெளிக்காற்று குகையை உலர்த்தியிருந்தது. உலர்ந்த காற்றில் புழுக்களின் ஈர இழைகள் நில்லா. மூச்சுக்காற்றை வெளியேற்ற உதவும் காற்றோட்டமே மிகுந்தால் கேடாகும் என்ற இந்த அறிவு, பூட்டு ஒன்றே மருந்து என்ற நம்பிக்கையையும் திறந்த கதவு ஒன்றே மருந்து என்ற நம்பிக்கையையும் சேர்த்தே ஆட்டம் காணச் செய்தது.

முற்றும் மூடும் வாதத்தின் குறை வேறொரு பக்கத்தில் இருக்கிறது. அட்லாண்டிக் தீவான பெர்முடாவில், கடல்நீரோடு நிலத்தடித் தொடர்புள்ள குகைக் குளங்களில் அத்தீவுக்கே உரிய சிற்றுயிர்கள் பல வாழ்கின்றன. அவற்றை அச்சுறுத்துபவையாக ஆய்வாளர் முதன்மையாகச் சுட்டுவன கல்லுடைப்பும் மேலிருந்து கசியும் கழிவுநீரும் கட்டுமானமும். வாயிலைப் பூட்டுவது மேற்கூரையை வெட்டும் இயந்திரத்தைத் தடுக்காது. யாரும் காணாத குகைக்காகக் குரல் கொடுப்பவரும் குறைவே.

தாங்குதிறன் என்னும் எண்

இவ்விரு முனைகளுக்கும் இடையே எழுந்த சமரசம் தாங்குதிறன். ஓரிடத்தின் இயற்கை நிலை மீளமுடியாதபடி மாறாமல், ஒரு காலத்தில் எத்தனை பேர் வந்துபோகலாம் என்பதைக் கணக்கிட்டு, அதற்கு மேல் அனுமதியாமை இதன் கொள்கை. வைட்டோமோவில் காற்றிலுள்ள கரியமில வாயு பத்து லட்சத்துக்கு 2,400 பங்கு என்ற வரம்பை நெருங்கும்போது நுழைவு கட்டுப்படுத்தப்படுகிறது. அந்த எண் ஊகமாகத் தேர்ந்ததன்று. அந்தச் செறிவுக்கு மேல் படிவுகள் அரிக்கப்படலாம் என்ற வேதியியல் கணக்கிலிருந்து பெறப்பட்டது.

இதனோடு சேர்த்துச் சொல்லப்படும் வகைப்பாடு, குகைகளை அவற்றின் ஆற்றல் மட்டத்தால் பிரிப்பது. ஆறு புகுந்து ஓடும் குகையில் ஒரு வெள்ளம் செய்யும் மாற்றத்தோடு ஒப்பிட்டால் பயணியரின் தாக்கம் சிறிது. நீர்த்துளி விழுவதே நிகழ்ச்சியாக இருக்கும் அசைவற்ற அறையில் ஒருவர் நுழைவதும் பெரிது. பிலிப்பைன்ஸுக்கு உரிய பலவான் தீவின் புவெர்ட்டோ பிரின்செசா பாதாள ஆறு முதல் வகை. 8 கிலோமீட்டருக்கு மேல் ஓடிக் கடலில் நேரே கலக்கும் அதன் கீழ்ப்பகுதியில் கடல் ஓதமும் ஏறி இறங்குகிறது. 1999-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற அக்குகைக்குள் துடுப்புப் படகும் படகோட்டியின் விளக்குமே போதுமானவையாக இருக்க, நாள்தோறும் இத்தனை பேர் என்ற அனுமதிச் சீட்டு முறையும் நடைமுறையில் உள்ளது.

தாங்குதிறனின் கவர்ச்சி அது எண்ணாக இருப்பதில் உள்ளது. அதன் ஆபத்தும் அங்கேயே உள்ளது. எண்ணை முடிவு செய்வதற்குத் திறப்பதற்கு முந்திய அளவீடுகள் வேண்டும். பெரும்பாலான காட்சிக் குகைகள் அளவீட்டுக் கருவிகள் வருமுன்னே திறக்கப்பட்டுவிட்டன. அளக்க எளியவையான வெப்பமும் ஈரப்பதமும் வாயுவும் கணக்கில் ஏற, வழிகாட்டிகள் ஆண்டுக்கணக்கில் சுவாசிக்கும் ரேடான் என்ற கதிரியக்க வாயுவோ, குகைக்கு மேலுள்ள காட்டில் போடப்படும் வாகன நிறுத்தமோ, பல இடங்களில் கணக்குக்கு வெளியே நின்றுவிடுகின்றன. வருவாய் குறையும் ஆண்டில் வரம்பை உயர்த்தக் கோரும் குரலுக்கு எண் எளிதில் வளைந்து கொடுக்கும்.

சிலவற்றைத் திறந்து பலவற்றைப் பூட்டுதல்

தென் கொரியாவின் ஜேஜு தீவு தந்த விடை, ஒரு குகையைப் பற்றிக் கேட்காமல் குகைத் தொகுதி முழுவதையும் பற்றிக் கேட்பது. அங்குள்ளவை சுண்ணாம்புக் குகைகள் அல்ல. எரிமலைக் குழம்பு ஓடும்போது மேற்பரப்பு இறுகி, உள்ளிருந்தது வடிந்துவிட்டதால் எஞ்சிய குழாய்கள். ஏழு கிலோமீட்டருக்கு மேல் நீளும் மஞ்சாங் குகையில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் மட்டும் பயணியருக்கு ஒதுக்கப்பட்டது. 2005-இல் மின்கம்பம் நடும் பணியின்போது தற்செயலாகத் தெரியவந்த யோங்சோன் குகையோ திறக்கப்படவே இல்லை. மேலேயுள்ள சிப்பிமணலின் சுண்ணாம்பு மழைநீரில் கரைந்து இறங்கி, கரிய எரிமலைப் பாறையில் வெண்ணிறப் படிவுகளாக வளர்ந்திருக்கும் அரிய தோற்றம் அதற்குள் இருக்கிறது. பயணிகள் அதைக் காட்சியகத்தில் படமாகவே காண்கின்றனர். 2007-இல் கிடைத்த உலகப் பாரம்பரியத் தகுதி இந்தப் பாகுபாட்டுக்கு உறுதி சேர்த்தது.

இதுவரை கண்ட விடைகளுள் முதிர்ச்சி மிக்கது இதுவே எனலாம். ஆனால் இதற்கு இரண்டு முன்தேவைகள் உண்டு: பல குகைகள் இருக்க வேண்டும், அவற்றை ஒருசேர ஆளும் ஒரே அமைப்பும் வேண்டும். ஒற்றைக் குகையை நம்பியிருக்கும் சிறு தீவுக்கு இம்முறை உதவாது.

பாராடாங்: குகைக்கு முன்னே ஒரு சாலை

தெற்கு அந்தமானுக்கும் நடு அந்தமானுக்கும் இடையே அமைந்த பாராடாங்கின் சுண்ணாம்புக் குகையைக் காண விரும்புவோர், அண்மையில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரிலிருந்து அந்தமான் பெருவழிச் சாலையில் ஜிர்காடாங் சோதனைச் சாவடி வரை வந்து, அங்கிருந்து காவலர் முன்செல்லும் வாகன அணியாகக் காட்டைக் கடந்து, நீரிணையைப் படகில் தாண்டி, பின்னர் விசைப்படகில் அலையாத்திக் காட்டின் ஓடை வழியே நயாடேராவை அடைந்து, காட்டுப்பாதையில் நடந்து செல்ல வேண்டும். குகையோ குறுகியது, நிலையான மின்விளக்கு வரிசை இன்றி வழிகாட்டியரின் கைவிளக்கால் காட்டப்படுவது. விளக்கொளிப் பாசிக்கு அங்கே பெரிய இடமில்லை. தொடுகையால் படிவுகள் கறுத்து வளர்ச்சி நிற்பதும் குறுகிய இடத்தில் கூட்டம் சேர்வதும் உண்மையான சிக்கல்களே. ஆனாலும் உலகின் காட்சிக் குகைகளோடு வைத்துப் பார்த்தால், பாராடாங்கில் குகைக்குள் செய்யப்பட்ட மாற்றம் மிகக் குறைவு.

விவாதத்தின் எடை முழுதும் குகைக்கு வெளியே இருக்கிறது. வாகன அணி கடக்கும் காடு, 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குவிதியின்கீழ் ஒதுக்கப்பட்ட ஜாரவா மக்களின் காப்புப் பகுதி. 1997-98 வரை வெளியாரோடு பகைமையின்றிப் பழகாத அம்மக்களிடையே 1999-இல் தட்டம்மை பரவியது. 2001 கணக்கெடுப்பில் அவர்களின் தொகை 240. புதிய தொற்றுகளுக்கு எதிர்ப்பாற்றல் பெறாத சிறு சமூகம் ஒன்றின் ஊடே நாள்தோறும் பயணியர் வாகனங்கள் ஓடுவது, குகைக்காற்றின் வாயு அளவைக் காட்டிலும் பெரிய செய்தி.

2002-இல் உச்ச நீதிமன்றம் காப்புப் பகுதியின் ஊடே செல்லும் சாலைப் பகுதிகளை மூடுமாறு ஆணையிட்டது, சாலை மூடப்படவில்லை. ஜாரவாப் பெண்களைப் பயணியர் முன் ஆடச்செய்யும் காணொளியை 2012-இல் பிரித்தானியச் செய்தித்தாள் ஒன்று வெளியிட்டபின் எழுந்த கொந்தளிப்பின் நடுவே, 2013 ஜனவரியில் அச்சாலையில் சுற்றுலாப் பயணியர் செல்ல நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. குகையும் அருகிலுள்ள சேற்று எரிமலையும் சில வாரங்கள் ஆளரவமற்றுக் கிடந்தன. மார்ச்சில் தடை நீங்கிப் பயணம் தொடர்ந்தது. நேர வரையறை, வாகனத்தை நிறுத்தாமை, படம் எடுக்காமை ஆகிய விதிகள் உண்டு. ஆனால் இவ்விதிகள் யாவும் பயணியின் நடத்தையைத் திருத்த முயல்பவையே அன்றி, அவர் அங்கே இருக்க வேண்டுமா என்று கேட்பவை அல்ல.

சாலையை முற்றும் மூட வேண்டும் என்போர் நீதிமன்ற ஆணையையும் மானிடவியலாளர் எச்சரிக்கையையும் முன்வைக்கின்றனர். எதிர்த்தரப்புக்கும் நியாயம் உண்டு: நடு, வடக்கு அந்தமானில் குடியமர்ந்த, தமிழர் உள்ளிட்ட மக்கள் மருத்துவமனைக்கும் சரக்குக்கும் கல்விக்கும் அச்சாலையை நம்பியிருக்கின்றனர், பாராடாங்கின் படகோட்டிகளுக்கும் வழிகாட்டிகளுக்கும் கடைக்காரர்களுக்கும் குகையே பிழைப்பு. இவ்விரு வாதங்களும் பெரும்பாலும் ஒன்றோடொன்று மோதவிடப்படுகின்றன. மோத வேண்டிய கட்டாயம் இல்லை. குடியிருப்போரின் பயணத் தேவையும் சுற்றுலாப் பயணியின் பார்வை விருப்பமும் ஒரே சாலையைப் பயன்படுத்துவதால் மட்டும் ஒரே தட்டில் வைக்கத் தக்கவை ஆகிவிடா. பயணியரைக் கடல்வழியே பாராடாங்குக்குக் கொண்டுசெல்லும் திட்டம் நெடுநாளாகப் பேசப்படுகிறது. அது கூடுதல் நேரமும் செலவும் பிடிக்கும். பருவமழைக் கடலில் தடைபடும். பயணியர் தொகை குறையவும் கூடும். அந்தக் குறைவை இழப்பாகக் காட்டும் கணக்கு, இதுவரை மலிவாகக் கிடைத்த குகைப் பயணத்தின் விலையில் ஒரு பங்கை ஜாரவாக்கள் செலுத்தி வந்தனர் என்பதைச் சேர்த்துக் கொள்ளாத கணக்கு.

கூடுகளுக்காகக் காக்கப்படும் குகைகள்

குகையிலிருந்து வருவாய் பெறச் சுற்றுலா ஒன்றே வழி என்ற முன்முடிவையும் அந்தமான் கேள்விக்கு உட்படுத்துகிறது. அத்தீவுகளின் குகைகளில் உழவாரன் இனப் பறவை ஒன்று தன் உமிழ்நீரால் கூடு கட்டுகிறது. சீன உணவு மரபில் சூப்பாக உண்ணப்படும் அக்கூட்டுக்குக் கிழக்காசியச் சந்தையில் மிக உயர்ந்த விலை உண்டு. ஆகவே முட்டையும் குஞ்சும் இருக்கும்போதே கூடுகள் பெயர்க்கப்பட்டு, பறவைத் தொகை பேரளவு சரிந்தது. கோவை ஆனைகட்டியிலுள்ள சாலிம் அலி பறவையியல் மற்றும் இயற்கை வரலாற்று மையத்தைச் சேர்ந்த ரவி சங்கரன் இச்சரிவை ஆவணப்படுத்தியதோடு, வடக்கு அந்தமானின் சாலீஸ் ஏக் குகைத் தொகுதியில் வனத்துறையுடன் சேர்ந்து வேறொரு முயற்சியைத் தொடங்கினார். முன்பு கூடு எடுத்தவர்களே குகைக் காவலராக அமர்த்தப்பட்டனர். குஞ்சுகள் பறந்தபின் கூட்டை எடுப்பது இழப்பின்றி வருவாய் தரும் என்பது திட்டத்தின் அடிப்படை. காவல் இருந்த குகைகளில் பறவைகள் பெருகின. வன உயிரினச் சட்டத்தின் கடுமையான பட்டியலில் அப்பறவை சேர்க்கப்பட்டதோ, பாதுகாப்பைக் கூட்டுவதாகத் தோன்றினாலும், விற்பனையை நம்பிய அத்திட்டத்தின் கால்களையே கட்டிவிட்டது.

போர்னியோ தீவின் கோமந்தோங் குகையில் உரிமம் பெற்றோர் பிரம்பு ஏணிகளில் ஏறிக் கூடு எடுப்பதும், பயணியர் மரப்பாலத்தில் நடந்து அதைப் பார்ப்பதும் ஒருங்கே நிகழ்கின்றன. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம் என்பதற்கு அது சான்று. எல்லாக் குகைக்கும் அது பொருந்தும் என்பதற்குச் சான்றாகாது.

தீராது நிற்பவை

மேற்கண்ட விடைகளுள் எதுவும் முற்றிலும் தவறன்று. உடைமையாளரின் காவல், ஆய்வாளரின் அளவீடு, நிர்வாகியின் வரம்பு, தொகுதி முழுமையையும் பார்க்கும் பாகுபாடு ஆகிய ஒவ்வொன்றும் முந்தியதன் ஒரு குறையைத் திருத்தியுள்ளது. ஜேஜு நீங்கலாக, இவை பெரும்பாலும் குகை வாயிலிலிருந்து உள்நோக்கியே கணக்கைத் தொடங்குகின்றன. பாராடாங்கில் கணக்கு ஜிர்காடாங்கிலேயே தொடங்க வேண்டியிருக்கிறது. பெர்முடாவில் அது கூரைக்கு மேலுள்ள நிலத்திலிருந்து தொடங்க வேண்டும். எவ்வளவு தொலைவிலிருந்து தொடங்குவது என்பதற்குப் பொது விதி ஏதும் இதுவரை உருவாகவில்லை. உருவாக்க இயலுமா என்பதும் ஐயத்துக்கு உரியது.

ஒப்புதல் பற்றிய கேள்வி இன்னும் கடினமானது. வைட்டோமோவில் குகையின் மரபுவழி உரிமையாளர் அடையாளம் காணப்பட்டு, பேச்சுவார்த்தை நடத்தி, வருவாயில் பங்கும் பெற்றனர். ஜாரவாக்களோடு அத்தகைய பேச்சுக்கு இடமே இருக்கிறதா, பேச்சு என்பதே அவர்களுக்குத் தீங்காகும் தொடர்பாக முடியுமா என்பதில் மானிடவியலாளரிடையே கருத்தொற்றுமை இல்லை. குகைச் சுற்றுலாவின் வருவாயில் அவர்களுக்குப் பங்கு அளிக்க வேண்டும் என்ற எண்ணம் நேர்மையானதாகத் தோன்றினும், பணத்தின் தேவை இல்லாத ஒரு வாழ்வுக்குள் பணத்தைக் கொண்டு செல்வதில் முடியும் என்பதை மறுப்பதற்கில்லை. எனவே, பங்கு தருவதா வேண்டாமா என்பதற்கு முன் தீர்க்கத் தக்கது ஒன்று உண்டு: கடல்வழிப் போக்குவரத்து முழு அளவில் நடைபெறும் நாள்வரை பயணியர் வாகன அணி தொடர வேண்டுமா என்பது. அதற்கான விடை குகை அறிவியலில் இல்லை. 2002-இன் ஆணையை நடைமுறைப்படுத்தும் பொறுப்புடைய நிர்வாகத்திடம் இருக்கிறது.